கடலாக்கப்பட்ட வளவு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, நிலாவெளியில் ஜெயரூபியின் வளவுக்குள் மட்டும் கடல் வந்தது. வேலிக்கு வெளியே ஒரு துளி ஈரமில்லை.

காரணத்தைப் படிப்படியாகச் சொல்லலாம். அலை இலேசான வெள்ளை மணலைத் திருப்பி இழுத்துச் செல்லும். பாரமான கறுப்பு மணலைக் கரையில் விட்டுவிடும். அப்படிச் சேர்ந்த கறுப்பு மணல் ஜெயரூபியின் வீட்டுக்கு அடியில் எட்டடி ஆழத்துக்குக் கிடந்தது. அதிலுள்ள கனிமத்துக்காக அதை அகழ ஒரு கம்பனி அனுமதி கேட்டது. குடியிருப்புக் காணியென்றால் உரிமையாளர் ஒப்பமிட வேண்டும்; கடற்கரையென்றால் எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஜெயரூபி மூன்று முறை மறுத்தார். எனவே திட்டமிடல் அலுவலகத்தில், நிலாவெளியைக் கண்ணாலும் காணாத ஒருவர், அலை ஏறும் எல்லைக்கோட்டை அந்த வளவில் மட்டும் அறுபது மீற்றர் உள்ளே தள்ளி வரைந்து, ஒன்பதரைக்கு முத்திரை குத்தினார். அந்தப் பொய்யைக் கடல் உத்தரவாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் வந்த கரையோரப் பகுதி உத்தியோகத்தர் சிவகுருநாதன், குசினி அடுப்படியில் முழங்காலளவு நீரில் நின்றார்.

"அக்கா, அலுவலகக் கோவையில இது கடல். நீங்கள் வீட்டை விட்டு எழும்பத்தான் வேணும்."

"அப்ப இருவது வருசமா நான் கடலுக்குள்ளயோ சோறு காய்ச்சினனான்?"

"என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

"ஓம் தம்பி, கோடு கீற மட்டும் ஏலும்."

ஜெயரூபி கரைவலைக் குடும்பத்துப் பெண். கரைவலை இழுக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு பாடு. பாடாகப் பதிந்த இடத்தில் மண் தோண்டக் கூடாது. குழியில் வலை கிழியும். அதுவும் அரசாங்கத்தின் விதிதான். உத்தியோகத்தர் பார்த்திருக்க, கொழுந்தன் தர்மசீலன் வலையைக் குசினியிலிருந்து அரைவட்டமாக விரித்தார். முப்பது பேர் படலை வாசலில் நின்று இரண்டு கயிறுகளையும் இழுத்தார்கள். சூடை மீனும் பாரைக்குட்டியும் ஓர் அகப்பையும் வலையில் ஏறின.

பாடு பதியும் படிவத்தை ஜெயரூபி சிவகுருநாதனிடம் நீட்டினார். "கடலெண்டால் ஒப்பம் வையுங்கோ. இல்லையெண்டால், இல்லையெண்டு எழுதித் தாங்கோ."

எது எழுதினாலும் கம்பனியின் அனுமதி போய்விடும். சிவகுருநாதன் நனைந்த காற்சட்டையோடு ஒப்பமிட்டார். வரைபடம் பொய்யென்று எழுத அவருக்கு அதிகாரமில்லை.

கோட்டைத் திருத்த எவரும் வரவில்லை. கடலும் போகவில்லை. பறுவத்தன்று, முழுநிலவில், அலுமாரியின் இரண்டாம் தட்டுவரை நீர் ஏறும். கம்பனி இப்போது வடக்குப் பக்கத்து வளவைக் கேட்கிறது. அந்த வீட்டு நிருசா கட்டிலைக் கல்லில் ஏற்றிவிட்டு, வலை பின்னத் தொடங்கியிருக்கிறார்.