உயிலில் இருக்கும் மூணு சென்ட்

பாவாயி கண் விழிக்கும்போதே இடுப்பு வலியும் கூடவே விழித்துக்கொள்ளும். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி, அட்டை அட்டையாகத் தூக்கி வண்டியில் ஏற்றி முடிப்பதற்குள் அது முதுகுத்தண்டில் ஏறிப் பிடரியில் உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம்தான் பெரிய வேலையே. பண்ணையின் சொந்தக்காரர் சின்னுசாமியைப் புரட்டிப் போட வேண்டும்.

சின்னுசாமிக்கு வயது எண்பத்தாறு. ஒன்பது வருசத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் விழுந்தவருக்கு வாயும் இடது கையும்தான் மிச்சம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். முட்டை வேலைக்குக் கூலி உண்டு. பீ மூத்திரம் அள்ளும் இந்த வேலைக்குக் கிடையாது.

"காசாக் குடுத்தா தின்னு தீத்துருவ. கெணத்துக்குத் தெக்கால மூணு சென்ட் உனக்கு" என்று உயில் எழுதியிருந்தார்.

மிஞ்சிப்போனால் ரெண்டு வருசம் என்று பாவாயி நினைத்தாள். ஒன்பது ஓடிவிட்டது. அவளும், புருசன் விட்டுப்போன மகள் சௌந்தர்யாவும் இருக்கும் தகர ரூமை, ஐப்பசியில் இடித்துப் புது ஷெட் போடப்போகிறார்களாம்.

அந்த ஆடியில்தான் சேலத்துக்கு ஆயுள் ஊசி வந்தது. போட்டால் நாற்பது வருசம் கூடும். ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். சின்னுசாமியின் மகன் நவநீதகிருஷ்ணன் டாக்டரைக் காரிலேயே கூட்டிவந்துவிட்டான். ஐஸ் பெட்டியில் ரெண்டு மருந்து இருந்தது.

"பாவாயி, இங்க வா. உனக்கொண்ணு, அப்பாவுக்கொண்ணு."

"எனக்கெதுக்குங்க சாமி? நீங்க போட்டுக்கறதுதானுங்களே?"

"நானு ரெண்டு வருசம் பாத்துட்டுப் போட்டுக்கறேன்." டாக்டர் பக்கம் திரும்பினான். "புது மருந்துன்னா நாங்க மொதல்ல ஒரு வரிசைக் கோழிக்குப் போட்டு மூணு நாள் பாப்பமுங்க. அப்புறந்தான் ஷெட்டுக்கு."

முதல் வரிசை யாரென்று பாவாயிக்குப் புரிந்தது. முதல் வரிசையில் செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளி வெளியே போட்டவளே அவள்தான்.

"ஏனுங்க டாக்டரு, இடுப்பு வலி போயிருமுங்களா?"

"வலிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. இது ஆயுளுக்கு."

வேண்டாமென்றுதான் வாயெடுத்தாள். அதற்குள் நாமகிரிப்பேட்டைப் பத்திரக்காரர் முன்னே எப்போதோ சொன்னது நெஞ்சில் வந்து நின்றது. எழுதினவருக்கு முன்னால் நீ செத்துப்போனால் உயிலில் இருப்பது உனக்கும் இல்லை, உன் மகளுக்கும் இல்லை. கிழவன் இன்னும் நாற்பது வருசம் கிடக்கப்போகிறான். அவளுக்கோ இப்போதே அறுபத்தொன்று. ஊசி போடாவிட்டால் அவனுக்கு முன்னால் போய்விடுவாள்.

ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டினாள்.

மூணு நாள் நவநீதகிருஷ்ணன் காலையும் மாலையும் வந்து பார்த்தான். "தின்னயா? வெளிக்குப் போனயா?" கோழியைக் கேட்டால் பதில் வராது; இவளிடம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நாலாம் நாள் கிழவருக்குக் குத்தினார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாமென்றார். மகன் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா கண்ண மூடுனா வசந்தாமணி பங்குக்கு வந்து நிப்பா" என்றான் டாக்டரிடம். வசந்தாமணி அவன் தங்கை. "கூடப்பொறந்த பாவத்துக்குப் பாதிக் காடுதோட்டத்தைக் குடுக்கோணுமா?"

புரட்டாசிக்குள் சின்னுசாமியின் கன்னம் உப்பிவிட்டது. நெஞ்சு இருபது வயசுக்காரன் நெஞ்சு மாதிரி அடிக்கிறது என்றார் டாக்டர். நூத்தி இருபத்தாறு வரைக்கும் பயமில்லை. கால் மட்டும் அப்படியே கட்டையாகக் கிடந்தது. பசி நன்றாக எடுத்ததால் அள்ள வேண்டியதும் கூடிப்போனது.

ஐப்பசிக்குப் பத்து நாள் இருக்கும்போது பாவாயி நவநீதகிருஷ்ணனிடம் போய் நின்றாள்.

"சாமி, அந்த மூணு சென்ட்ட இப்பவே எழுதிக் குடுத்தா ஒரு ஓலைச் சாளையாச்சும் போட்டுக் குடியிருந்துக்குவனுங்க."

"உயில்ல இருக்குதல்ல? என்ன அவசரம்? உனக்கும் நாப்பது வருசம் கெடக்குது. சாவகாசமா வாங்கிக்க." சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்தான். "மூணு லட்ச ரூவா ஊசிய ஓசில போட்டுட்டு, எடமும் வேணுமாமா."

உள்ளே போனாள். சின்னுசாமி மலங்க மலங்க விழித்தபடி கிடந்தார். இடம் அவர் பேரில்தானே இருக்கிறது. அவரையே கேட்டாள்.

"சாமி, உசுரோட இருக்கறப்பவே எழுதி வெச்சிருங்க. கைநாட்டுக்கு அந்தக் கை போதும். பத்திரக்காரர நான் கூட்டியாரேன்."

அவர் வாயைத் திறந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"எழுதுனா... நீ போயிருவ" என்றார். குழறல்தான், ஆனால் ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகவில்லை. "எவ வந்து... என்னப் பொரட்டுவா?"

பாவாயிக்கு வாய் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. போகமாட்டேன் என்று சத்தியம் செய்யலாமென்றும் வந்தது. ரெண்டையும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. எழுதிக் கொடுத்த அன்றைக்கே அவள் போய்விடுவாள்.

"தலகாணி இருக்குதல்ல" என்றார் கிழவர். "மூஞ்சில வெச்சு அமுத்து. உனக்கும் எடம் வந்துரும்."

"அப்புறம் என்னையச் செயில்ல போடுவாங்க. நாப்பது வருசம் அங்க கெடக்கறதுக்கா?"

அவருடைய தோளுக்கடியில் கையைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகப் புரட்டிப் போட்டாள். ஐப்பசி முதல் தேதி தகர ரூமை இடித்தார்கள். சௌந்தர்யா ராசிபுரத்தில் வாடகைக்குப் போனாள். பாவாயி கிழவரின் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டாள்.

ஒன்பது வருசம் மூணு மாசம் புரட்டிப் போட்ட வேலைக்குச் சின்னுசாமி அவளுக்குத் தரவேண்டியது, கிணற்றுக்குத் தெற்கே மூணு சென்ட்.