சூலத்தில் கட்டிய திருகு

தீர்த்தம்மாள் வரப்பில் நின்று, தன் கேழ்வரகுக் கொல்லைக்குள் பூட்ஸ் கால்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பாய்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு கழியால் பயிரை விலக்கித் தரையைத் துழாவினார்கள். கழி பட்ட இடத்திலெல்லாம் முற்றிய கதிர் மணியை உதிர்த்தது, தாள் முறிந்து சாய்ந்தது. அவர்கள் தேடுவது நாவல் கொட்டை அளவில் ஒரு பித்தளைத் திருகு. அது அங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தெரிந்த ஊர் வாயைப் பொத்திக்கொண்டு அவள் கொல்லை மிதிபடுவதை வேடிக்கை பார்த்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்த ஊரில் அந்த ஆண்டிக்கு வேட்டிக்குப் பதிலாகப் புடவை, அவ்வளவுதான்.

போன வாரம் வத்தல்மலையை மேகம் மூடியிருந்த பகலில் அந்த ஏரோப்ளேன் வழி தப்பி வந்து, பெட்ரோல் தீர்ந்து, மேய்ச்சல் காட்டில் இறங்கியது. குதித்துக் குதித்து ஓடி அவள் கொல்லை வரப்பில் மூக்கை வைத்து நின்றது. வெள்ளைக்கார துரை ஒருவன் இறங்கி, மணியக்காரரைக் காவலுக்கு வைத்துவிட்டு, தந்தி கொடுக்கப் பொம்மிடி ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில் போனான். அவன் தலை மறைந்ததும் ஊர் கூடிவிட்டது. காவலுக்கு நின்ற மணியக்காரரே முதல் ஆளாக இறக்கையைத் தட்டிப் பார்த்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி எதுவானாலும் முதல் தடவை எல்லைக்குள் வந்தால் அதிலிருந்து ஓர் ஆணியைக் கழற்றி எல்லை முனியப்பனின் சூலத்தில் கட்ட வேண்டும். கட்டாத வண்டி குடை சாயும். ஆகாயத்தில் வந்தாலும் வண்டி வண்டிதானே. பூசாரி பச்சியப்பன் தொட்டிபோல் இருந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். எதிரே பலகையில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகள், உள்ளே முட்கள். ஒன்றின் அடியில் இருந்த திருகைப் பிடித்துத் திருப்ப, முள்ளும் கூடவே திரும்பியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவன் இன்னும் திருப்ப, திருகு கையோடு வந்துவிட்டது. அன்று மாலையே சிவப்புத் துணியில் முடிந்து, எண்ணெயும் குங்குமமும் பூசி, சூலத்தில் கட்டிவிட்டான். பச்சியப்பன் வேறு யாருமில்லை, தீர்த்தம்மாளின் கொழுந்தன்.

மூன்றாம் நாள் துரை திரும்பி வந்தான், பெங்களூரிலிருந்து ஒரு லாரி, பெட்ரோல், இரண்டு சிப்பாய்கள், ராஜாமணி என்கிற தமிழ் மெக்கானிக் சகிதம். திருகு இல்லை என்றதும் துரைக்கு முகம் சிவந்தது. இறங்கிய அதிர்ச்சியில் கழன்று முன்னால் இருக்கும் பயிருக்குள் தெறித்திருக்கும் என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். ஊர் அந்த முடிவை உடனே பிடித்துக்கொண்டது. ஆமாங்க தொரை, அங்கதானுங்க விழுந்திருக்கும் என்று மணியக்காரர் தலையை ஆட்டினார். திருகு கிடைக்கும்வரை கொல்லைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அறுக்க வேண்டிய பயிர் அது. பர்மா அரிசி நின்று போய், கடையில் தானியம் இல்லாத வருஷம். இந்தக் கேழ்வரகு வீடு சேராவிட்டால் தை மாதத்துக்கு மேல் களி கிண்ட ஒன்றும் இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. ராஜாமணியிடம் போய், அது இல்லாமல் பறக்க முடியாதா என்று கேட்டாள்.

"அது உயரம் காட்டற மீட்டரு, அக்கா. பூமி எங்க இருக்குதோ அங்க முள்ளத் திருகி வெக்கணும். வெக்காம மேகத்துல போனா, மலைக்கு மேல இருக்கோம்னு நெனச்சுட்டு மலையிலயே போய் மோதிருவாங்க."

"நீ ஒண்ணு செஞ்சு போடேன் தம்பி."

"பித்தளை வேணும்."

பித்தளை அவளிடம் ஒரே இடத்தில்தான் இருந்தது. மாட்டின் கொம்பு நுனியில் மாட்டியிருந்த பித்தளைக் குப்பியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு பகல் முழுக்க அதை வெட்டி, அரத்தால் ராவி, துளை போட்டுத் திருகாக்கினான். பார்க்க அசல்போலவே இருந்தது. பொருத்தினால் வழுக்கியது. உள்ளே இருக்கும் மரை தலைமயிர்போலச் சன்னம், அதை வெட்டும் கருவி பெங்களூரில் இருக்கிறது, அங்கே முறை வந்து வெட்டி அனுப்பப் பத்து நாளாகும் என்றான். மறுநாள் இன்னொரு கொம்பின் குப்பியும் போனது. அதுவும் வழுக்கியது. சிப்பாய்கள் மறுபடி கழியை எடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலை, சிப்பாய்கள் கொல்லையின் பாதியைத் தாண்டியபோது, தீர்த்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். புருஷன் மாதையன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"மழை கருக்குது. சாஞ்ச தாளு நனைஞ்சா கதிருலயே மொளச்சுரும். உன் தம்பிகிட்ட போயி அத அவுத்துத் தரச் சொல்லு."

"சாமிக்குப் போனதத் திருப்பிக் கேக்கறதா? வாய மூடிட்டு இரு. தேடிப் பாத்துட்டு அவனுங்களே போயிருவானுங்க."

"எங்க தேடறானுங்க? மணியக்காரன் கொல்லையிலயா? ஊரு காணிக்கை குடுக்கும், தெண்டம் நான் கட்டணுமா?"

அவன் கயிற்றைப் பார்த்தான். பதினேழு வருஷமாக அவள் கோபத்துக்கு அவன் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனோடு பேசுவதற்குக் கயிற்றோடு பேசலாம்.

கருக்கரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எல்லைக்கு நடந்தாள். பச்சியப்பன் சூலத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்த வேகத்திலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளக்குமாற்றோடு குறுக்கே நின்றான்.

"அண்ணி, கட்டினத அவுக்கற வழக்கம் இல்ல. ஊருக்கு ஆவாது."

"வழக்கம் எனக்கும் தெரியும். வண்டிக்காரன் தானே கழட்டித் தருவான், நாம கட்டுவோம். இத யாரு குடுத்தா? ஆளு இல்லாத நேரத்துல நீ புடுங்கின. புடுங்கினதுக்குப் பேரு காணிக்கை இல்ல பச்சியப்பா, திருட்டு. திருட்டுச் சாமானச் சாமி சூலத்துல கட்டிட்டு, பழிய என் கொல்லை மேல போட்டுட்டீங்க."

"சாமி கேட்டுது."

"அப்போ அந்தச் சாமி எனக்குக் களி கிண்டிப் போடட்டும்."

அவன் வாய் திறக்குமுன் அவள் அரிவாளால் சிவப்புத் துணியை அறுத்துவிட்டாள். முனியப்பனின் உருட்டிய கண்ணை அவள் பார்க்கவில்லை. எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீ என்று மனதுக்குள் சாமியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே திரும்பினாள். பின்னால் பச்சியப்பன் மண்ணை வாரித் தூற்றுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

திருகைத் துரையின் கையில் வைத்து, கொல்லையில் கிடந்தது என்றாள். ஊரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஊருக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்ததில் கோபம் இரண்டு மடங்கானது. ராஜாமணி திருகை வாங்கினான். மரைக்குள் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒரு துணியை விரித்துப் பெட்ரோல் தொட்டுத் துடைக்கத் தொடங்கினான். சிப்பாய்கள் கொல்லையை விட்டு வெளியே வந்தார்கள். பாதியாவது மிஞ்சியது. இன்றே அறுக்கத் தொடங்கினால் மழைக்கு முன் களத்தில் சேர்த்துவிடலாம்.

துரை வானத்தைப் பார்த்தான். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தான். பிறகு ஏரோப்ளேன் மூக்கிலிருந்து நேராக அவள் கொல்லையின் மறுகோடிவரை கையை நீட்டி என்னவோ சொன்னான். லாரி உறுமியது.

"இன்னா சொல்றான்?" என்று கேட்டாள்.

ராஜாமணி தலையைத் தூக்கவில்லை. "காத்துக்கு எதிர ஓடித்தான்கா எழும்ப முடியும். மேய்ச்சல் காடு மட்டும் பத்தாது. லாரிய விட்டு இத மட்டம் பண்ணப் போறாங்க. மழைக்கு முந்தி, இன்னிக்கே போவணுமாம்."

"ரெண்டு நாளு குடுக்கச் சொல்லு. அறுத்துக்கறேன். அப்புறம் மட்டம் பண்ணட்டும், உழுவட்டும், என்னமோ பண்ணட்டும்."

அவன் எழுந்து போய்ச் சொன்னான். துரை கேட்கவே இல்லை, பாதிப் பேச்சிலேயே தலையை அசைத்துவிட்டான். சண்டை நடக்கிற காலத்தில் கேழ்வரகா பெரிது என்கிற தலையசைப்பு. அந்தத் தலையை அவள் பார்த்தாள். மணியக்காரரைப் பார்த்தாள், அவர் புளியமரத்தைப் பார்த்தார். தள்ளி நின்ற மாதையன் கையில் இங்கேயும் கயிறு இருந்தது. இத்தனை நாள் சாமிக்குப் பிடுங்கியவனும் பயிரை மிதித்தவனும் ஆம்பிளைகள், இவள் மட்டும் எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிறவளா?

துணியின் மேல் திருகு பளபளவென்று கிடந்தது. தீர்த்தம்மாள் குனிந்து அதை எடுத்தாள். ராஜாமணி திரும்பிப் பார்ப்பதற்குள் வாயில் போட்டு, வெற்றிலையை அடக்குவதுபோல் கடைவாயில் அடக்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்து அரிவாளை உருவிக் கொல்லைக்குள் இறங்கினாள்.

லாரி வரப்பு மேல் ஏற இருந்தது. அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து முதல் கைப்பிடியை அறுத்துப் போட்டாள். துரை கத்தினான். ஒரு சிப்பாய் ஓடிவந்து அவள் தோளருகே கையைக் கொண்டுபோனான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்து, வாயைத் திறந்து நாக்கின் மேல் திருகைக் காட்டி மூடி, தொண்டையை ஒருதரம் ஏற்றி இறக்கிக் காட்டினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம் சார், முழுங்கிருவாங்க" என்று ராஜாமணி முதலில் தமிழில் சொல்லி, பிறகுதான் இங்கிலீஷில் சொன்னான்.

லாரியின் உறுமல் நின்றது. அந்த அமைதியில் அரிவாள் தாளை அறுக்கும் கரகரப்பு மட்டும் கேட்டது. பக்கத்துக் கொல்லைக்காரி செல்லி வரப்பிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, அவளுக்கு வலப்புறம் உட்கார்ந்தாள். இடப்புறம் யாரோ வந்து அறுக்கத் தொடங்கும் சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். பச்சியப்பன். அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கதிரைத்தான் பார்த்தான்.

வானம் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. வாயில் பித்தளையின் கைப்பு, பெட்ரோல் நாற்றம், அதற்கடியில் மரைக்குள் இன்னும் மிச்சமிருந்த விளக்கெண்ணெய். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அதை விழுங்காமல், ஒரு பக்கமாகத் துப்பிவிட்டு, தீர்த்தம்மாள் அடுத்த கைப்பிடியைப் பற்றினாள்.