கன்னி மண்

ஜான்சன் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு ஸ்ரீரங்கன் மனைவியிடம் சொன்னார்.

"நோட்டைப் பத்திக் கேட்டான்னா, வெள்ளத்துல போயிடுத்துன்னு சொல்லிடு."

விசாலாக்ஷி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நாம இருக்கறது ரெண்டாவது மாடி. அடையாத்துத் தண்ணி படியேறி வந்து அந்த நோட்டை மட்டும் எடுத்துண்டு போச்சாக்கும்."

"சொல்றதைச் சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கோங்கோ."

நோட்டு பரணில் இருந்தது. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் ஸ்ரீரங்கனும் நண்பர் ஜான்சனும் தொல்லியல் உதவித்தொகையில் துனிசியா போய், கடலோரத்து ரோமானிய ஊர் ஒன்றைத் தோண்டினார்கள். நான்காம் குழி ஸ்ரீரங்கனுடைய பொறுப்பு. பொறுப்பாளர் தினமும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் வெறும் மணல் வந்தது. பானை ஓடு இல்லை, கரி இல்லை. மனிதக் கை படாத கன்னி மண் என்று எழுதினார். குழியை மூடிவிடலாம் என்றும் எழுதினார். கையெழுத்திட்டுவிட்டு, வீட்டுக்கு போன் பேச நகரத்துக்குப் போனார்.

மறுநாள் திரும்பியபோது ஜான்சன் அதே குழியில் மேலும் இடுப்பளவு தோண்டிக் கீழே நின்றுகொண்டிருந்தார். காலடியில் வண்ணக் கல் பதித்த தரை. மூலையில் ஞானஸ்நானம் கொடுக்கும் திருமுழுக்குத் தொட்டி. கோயில் கட்ட முடியாத காலத்தில் கிறிஸ்தவர்கள் ஒளிந்து கூடிய வீடு அது.

"கன்னி மண்ணு இல்லடா இது," என்றார் ஜான்சன். "கடலு கொண்டாந்து போட்டது. சிப்பியெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிகினு கீது பாரு."

ஜான்சன் மெரினா கடலோர நொச்சிக்குப்பம், மீனவர் வீட்டுப் பிள்ளை. ஸ்ரீரங்கன் மயிலாப்பூர். வீட்டிலிருந்து அதே கடலுக்குப் பத்து நிமிட நடை. வாரம் தவறாமல் அந்த மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றவர்.

தொட்டி ஜான்சனைப் பேராசிரியராக்கியது. ரோமுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அழைத்துப்போனது. ஸ்ரீரங்கன் அருங்காட்சியகத்தில் ஜாடிச் சில்லுகளுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றார். ஜான்சனின் புத்தகங்கள் எல்லாவற்றையும் வாங்கினார். எதையும் பின்னாலிருந்துதான் திறந்தார், பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று. ஜான்சன் படம் வந்த பேப்பரைக் கொத்தமல்லி ஆய்வதற்கு எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களிடமெல்லாம், "அது என் குழி," என்றார். பொய் இல்லை. அவருடைய குழிதான்.

இப்போது ஜான்சன் தன் வரலாறு எழுதுகிறார். நான்காம் குழி நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட வேண்டுமாம்.

மூன்று மணிக்கு வந்தார். உட்காரும் முன்பே, "நோட்டு எடுத்து வெச்சியா?" என்றார்.

"வெள்ளத்துல போயிடுத்துடா."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. ஜான்சன் ஜன்னலுக்கு வெளியே, கீழே, தரையைப் பார்த்தார்.

"ரொம்பத்தான் ஏறிகீது தண்ணி," என்றார். "போனா போவுது, வுடு. இத்தப் படி."

நாலு தாள். ஸ்ரீரங்கன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்றாவது தாளில் இருந்தது: 'அன்று ஸ்ரீரங்கன் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: இந்த மணலை நான் நம்பவில்லை, இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார். அந்தச் சொல் இல்லையென்றால் குழியை மூடியிருப்போம்.'

இரண்டு முறை படித்தார்.

"நான் இப்படிச் சொன்னேனா?"

"சொன்ன மாதிரி ஞாபகம்."

"நோட்டை நீ அன்னிக்கே படிச்சே."

"படிச்சேன். அதான் தண்ணில பூட்ச்சே." ஜான்சன் காபியை ஆற்றினார். "ரெண்டு பேரு கண்டுபுடிச்சோம்னா நல்லாத்தான் கீது. எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது, நைனா?"

ஒன்றும் குறையாது. ஸ்ரீரங்கனுக்கு அதுதான் தாங்கவில்லை. விருதுகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். விமானச் சீட்டுகளைப் பார்த்து, மாணவர்கள் காலில் விழுவதைப் பார்த்து. இப்படி ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்க முடிகிற மனிதரைப் பார்த்து இதுவரை பட்டதில்லை. வாங்கிக்கொண்டால் பெயர்ப் பட்டியலில் பெயர் வரும். ஜான்சன் இரங்கிப் போட்டதாக வரும்.

பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"முட்டி வலின்னேளே," என்றாள் விசாலாக்ஷி வாசற்படியில் நின்று.

சூட்கேசுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்து, கன்னி மண் என்று எழுதிய பக்கத்தைத் திறந்து, ஜான்சன் மடியில் வைத்தார். ஜான்சன் அதைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"இத்தப் போட்டா ஊரே சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். படம் எடு. அந்த மூணு வரியை அடிச்சுடு."

"வேணாண்டா, சொன்னாக் கேளு."

"கையெழுத்து தெரியணும். முழுப் பக்கமும் எடு."

ஜான்சன் மெதுவாக செல்போனை எடுத்துக் குனிந்தார். தாளில் அவருடைய தலையின் நிழல் விழுந்தது. ஸ்ரீரங்கன் போய் டியூப்லைட்டைப் போட்டார்.