மேஸ்திரி எங்கே இறங்கினான்

எங்கள் டாக்டருக்குக் கதைப் பைத்தியம் என்றுதான் குடோன் தெரு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் போய் உட்கார்ந்ததும் உடம்புக்கு என்ன என்று கேட்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்வார். "ம்ம், குடோன்ல என்ன கூத்து? சொல்லு."

மூட்டை தூக்குகிறவர்கள் நாங்கள். காய்ச்சல் வந்தால் முதலில் கதையைத் தேடுவோம். கிடைக்காதவன் அடுத்தவனிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு போவான். ஆனால் ஒருத்தன் சொல்ல ஆரம்பித்த கதையை இன்னொருத்தன் போய் முடிக்கக் கூடாது. அது துரோகம். அப்படிச் செய்த ஒருவனோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை.

அப்பா இதில் கில்லாடி. முடிவு வரும்போது எழுந்துவிடுவார். "மிச்சம் அடுத்த தடவை டாக்டரே."

"போடா, அடுத்த தடவை உனக்கு ஊசிதான்" என்று டாக்டர் கத்துவது தெருவரைக்கும் கேட்கும்.

கடைசியாகச் சொன்னது மேஸ்திரி கதை. லாரியில் அடுக்கிய மூட்டை மேல் மேஸ்திரி படுத்துத் தூங்கிவிட்டான். ஆள் இருப்பது தெரியாமல் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். லாரி கிளம்பிவிட்டது. அதோடு அப்பா எழுந்து வந்துவிட்டார். அடுத்த தடவை வருவதற்குள் டாக்டர் செத்துப்போனார்.

அதன்பிறகு அப்பா எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கவில்லை. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பாடு போடமாட்டேன் என்று மிரட்டியும் பார்த்தாள்.

"அவர் நாற்காலியில புதுசா உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு என்னடி தெரியும்? என் உடம்பு அவருக்குத்தான் தெரியும்."

"அப்போ அவர் இருக்கிற இடத்துக்கே போய்க் காட்டப் போறீங்களா?"

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரை நினைத்து எல்லோரும் கிளினிக்கின் முன்னறையில் கூடினோம். அதற்கு மட்டும் அப்பா கிளம்பினார். நடக்க முடியவில்லை. மூட்டை வண்டியில் உட்காரவைத்துத் தள்ளினேன். அம்மா கூடவே வந்தாள்.

"கடைசியில என்னையும் சரக்காக்கிட்டியேடா."

"பேசாம வாங்கப்பா. சரக்கு பேசாது."

எல்லோரும் டாக்டரிடம் வாங்கிய திட்டுகளைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கூட்டாளி, உயரத்தால் கிரேன் என்று பேர் வாங்கியவர், அப்பாவைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நான்... ஒரு மேஸ்திரி கதை... சொல்லிட்டிருந்தேன். அவன் என்ன பண்ணான்னா... லாரி மேல..."

அழுகிறார் என்று நினைத்து கிரேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவர் ஓரமாக நின்ற புது டாக்டர் மட்டும் அழவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா, எவ்வளவு நாளா இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசறீங்க?"

"துக்கம்மா."

"துக்கம் இல்ல, மூச்சு. பெரிய டாக்டர் எதுக்கு உங்களையெல்லாம் கதை சொல்லச் சொன்னார்னு நினைச்சீங்க? உடம்பு எப்படின்னு கேட்டா இந்தத் தெருவுல அத்தனை பேரும் 'நல்லாத்தான் இருக்கேன்'னு சாதிப்பீங்க. கதை சொன்னா மூச்சு எங்க உடையுதுன்னு தெரிஞ்சிடும். எனக்கு அவர்தான் கத்துக்கொடுத்தார்."

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

"அப்போ... கதையை அவர் கேக்கவே இல்லையா?"

"கேக்காமலா? மேஸ்திரி எங்க இறங்கினான்னு தெரியாம என்ன புலம்பல்! 'பாவிப்பய முடிக்காம போயிட்டான், நீயாவது கேட்டு வை'ன்னு ஆஸ்பத்திரியில படுத்துட்டு எங்கிட்ட சொன்னார். உள்ள வாங்க. சட்டையைக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்குள் பித்தானில் கைவைத்துவிட்டாள்.

காய்ப்பு ஏறிய அந்த முதுகில் புது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நகர்த்தி நகர்த்தி வைத்தார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். வீங்கிய காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. அப்பா கதையை விட்ட இடத்தில் பிடித்து, சுங்கச்சாவடிவரைக்கும் லாரியைக் கொண்டுபோனார்.

"போதும் ஐயா."

"இன்னும் இறங்கலையேம்மா."

"லாரியிலயே இருக்கட்டும். இதயம் சோர்ந்துபோச்சு, நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேரணும். பிழைக்கலாம், நாள் கடத்தினா முடியாது. திரும்பி வந்து அவனை இறக்கி விடுங்க."

வண்டியில் ஏற்றும்போது கிரேனுக்குப் பொறுக்கவில்லை. அவரும் அன்று அந்த லாரிக்குக் கயிறு கட்டியவர்தான். "அந்தப் பய எங்க இறங்கினான்னா டாக்டர்..."

அப்பா விரலைத் தூக்கினார்.

"டேய். அது என் கதை. டாக்டர்கிட்ட... நான் வந்து சொல்லிக்கறேன்."