பஞ்சாட்சரம் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு ஒரு பாத்திரத்தினுடையது. [அடித்துவிட்டேன். என்னுடையது.] 1981இல் நான், சின்னப்பராஜ், மலையடிவாரத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. துப்பாக்கி லைசென்ஸ் மனுக்கள் என் மேசைக்கு வரும். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'ஜவ்வாது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு...' வேண்டாம். பனியா இப்போது முக்கியம்?

இரண்டாவது: நெல்லிவாசல் பக்கத்துப் பஞ்சாட்சரம், சாமைக்கொல்லையைப் பன்றி அழிக்கிறது என்று நாட்டுத் துப்பாக்கிக்கு மனுப் போட்டார். விசாரிக்க அதிகாரியோடு நானும் போனேன். அவர் அதிகாரிக்குக் கொல்லையைக் காட்டப் போன நேரம், அவர் மனைவி பாஞ்சாலை என்னிடம் வந்தாள்.

"துப்பாக்கி வேணாங்க. குடுத்தா மொதல்ல என்னத்தான் சுடும்."

"அடிக்கிறாராம்மா?"

"முன்ன அடிக்கும். இப்பல்லாம் அடிக்கிறதில்லீங்க. சும்மா என்னையே பாத்துக்கினு குந்தினு இருக்குது." பிறகு சொன்னாள்: "நான் சொன்னது தெரியக் கூடாதுங்க."

தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கினேன். கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு. புளி அரியும்போது பட்டதாம்.

3

மனு தள்ளுபடி ஆனது. காரணம் ரகசியம். பஞ்சாட்சரம் திங்கட்கிழமைதோறும் சீத்தாப்பழத்தோடு வந்தார்.

"யாரு சொன்னாங்க, இன்னா சொன்னாங்க, அத மட்டும் சொல்லுங்க சார்."

குரல் உயராது. [இங்கே அவரைக் கொடியவராக்கப் பார்த்தேன். வரவில்லை. பழங்களை நானும் தின்றேனே.]

அவர் மேல்மனு போட்டார். சொன்னவர் யார் என்பது தெரியாதபடி மறைத்துக் கோப்பைக் காட்டலாம் என்று உத்தரவு வந்தது. பாஞ்சாலையின் பெயர்மேலும் அவள் சொன்ன வரிகள்மேலும் காக்கித்தாள் ஒட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன், ஒட்டிய இடங்களைத் தாண்டித் தாண்டி.

எழுத்து தெரிந்தவன் எழுத்தைத்தான் மறைப்பான். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. அடியில் இருந்த நீலக் கைநாட்டையே பார்த்தார். குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. அதன்மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார்.

"போய்ட்டு வர்றேங்க."

எனக்கு வைத்த பழங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இது வூட்டுக்குங்க."

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. பயம்தான். வேறென்ன சொல்ல?

4

முடிவுகள்.

அ) பழத்தைக் கொடுக்கிறார். அவள் தின்கிறாள். அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆ) துப்பாக்கி இல்லாவிட்டாலும் வீட்டில் கத்தி...

முடியவில்லை. அதனால் அவரை நடுவழியிலேயே வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். நேற்று ஜமுனாமரத்தூரில் பஸ்ஸைவிட்டு இறக்கி, அங்கேயே நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினேன். இன்று காலை தாளை எடுத்தால் ஓடையைத் தாண்டியிருக்கிறார். கையெழுத்து என்னுடையதுதான். எழுதிய நினைவு இல்லை.*

* வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

இதை எழுதும்போது கொல்லையோரம் வந்துவிட்டார். பாஞ்சாலை முதுகைக் காட்டியபடி சாமை புடைத்துக்கொண்டிருக்கிறாள். முறச் சத்தத்தில் காலடி கேட்காது.

நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் அவர் நடப்பார் போலிருக்கிறது. நீங்கள் அவளைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பாஞ்சாலை என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அது நான் வைத்த பெயர். அவள் பெயரை யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.