அம்மா கூப்பிட்டால் மணி எங்கே அடிக்கும்

1.

இந்தக் கதையில் ஒரே ஒரு வரிதான் நான் காதால் கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. ஒரு செல்போன் கடையில் சார்ஜர் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், "வெளிநாட்டுல இருக்கும்போது எங்கம்மா கூப்பிட்டா மணி அடிக்குமா?" என்று கேட்டார். "டேட்டா எவ்வளவு சார் வேணும்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவர் மறுபடியும் அதையே கேட்டார். அவளும் மறுபடியும் அதையே கேட்டாள். அதற்குள் என் சார்ஜர் வந்துவிட்டது, நானும் வெளியே வந்துவிட்டேன்.

அவருக்குப் பதில் கிடைத்ததா என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் வீடுவரை என் கூடவே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயும் நுழைந்துவிட்டது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு –"

வேண்டாம். விமானத்தில் தொடங்கும் கதைகளில் ஆட்கள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை.

இரண்டாவது: "ரோமிங் என்பது நம் எண்ணையே அயல்நாட்டுக்கும் எடுத்துப்போவது. இ-சிம் என்பது போகிற நாட்டின் எண் ஒன்றை, சிம் அட்டை ஏதுமின்றி, போனுக்குள்ளேயே எழுதிக்கொள்வது. முன்னது செலவு, பின்னது சிக்கனம். எனவே –"

இது பரீட்சைத் தாள். ஆனால் செய்தி பிழையில்லை, பின்னால் உதவும். அடிக்காமல் விடுகிறேன்.

மூன்றாவது: அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

இது நிற்கிறது.

[கடையில் நின்றவர் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் வெளியே இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறக்கத் தெரிந்த ஒருவன் எனக்கு வேண்டியிருந்தான்.]

3.

அவனுடைய அம்மாவுக்கு மறதி. பெயர்கள் போயின, அடுப்பை அணைப்பது போனது, எந்தப் புடவை யார் எடுத்துக் கொடுத்தது என்பதுகூடப் போனது. ஓர் எண் மட்டும் போகவில்லை: அவனுடைய கைபேசி எண். பட்டன் போனில் விரல் தானாக அதை அழுத்தும்.

"ம்மா."

"ஒண்ணுமில்லடா, சும்மாதான்."

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். ஒரு நாளைக்குப் பத்து தடவையும் இருக்கும், இருபது தடவையும் இருக்கும். லிஃப்ட்டின் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டும் அவன் எடுத்துவிடுவான். எடுக்காவிட்டால் வினை. மகன் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டான் என்று அம்மாவுக்குத் தோன்றிவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு தேடக் கிளம்பிவிடுவாள். போன மழைக்காலத்தில் ஏதோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நின்றவளைக் காவல்காரர் பிடித்து உட்காரவைத்தார். நடுவில் லாரிகள் ஓடும் பெரிய சாலை ஒன்று இருக்கிறது. அதை எப்படிக் கடந்தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் புது ரக லிஃப்ட் பழக அவனைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது.

[இப்படி ஓர் அம்மாவை விட்டுவிட்டுப் போவானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். போகாவிட்டால் பழைய லிஃப்ட்டுகளோடு அவனும் பழைய ஆளாகிவிடுவான். போகட்டும். அக்கா வந்து தங்குகிறாள்.]

4.

உடன் வேலை செய்யும் ஒருவருக்கு 'மின்னல்' என்று பட்டப்பெயர். எந்த வேலையையும் ஆறப்போட்டுச் செய்வதால் வந்தது.

"ரோமிங்கா? கனவுல கூடப் போட்றாத," என்றார் மின்னல். "நீ தூங்குவ, போன் தூங்காது. உள்ளுக்குள்ள டேட்டாவ இழுத்துக்கிட்டே இருக்கும். பில்லு வந்தா உன்னைத்தான் லிஃப்ட்ல ஏத்தி இறக்கணும்."

"அம்மா கூப்பிடுவாங்களேண்ணே."

"இ-சிம் போடு. வீடியோ கால்லயே மொகம் பாத்துப் பேசலாம்."

"அம்மாவுக்கு அந்த பட்டன் போன்தாண்ணே தெரியும். அந்த ஒரு நம்பர்தான் தெரியும்."

மின்னல் யோசித்தார். அவர் யோசித்து முடிக்க டீ ஆறிவிட்டது. "அப்ப உன் நம்பருக்கு வர்ற காலை உங்கக்காவுக்குத் திருப்பி விடு. யாராவது எடுத்தாப் போதுமில்ல?"

சரி என்றுதான் பட்டது. போகுமுன் வருகிற அழைப்பையெல்லாம் அக்கா எண்ணுக்குத் திருப்பிவிட்டான். போய் இறங்கியதும் இ-சிம்மைப் போட்டான், ஊர் எண்ணை அடியோடு அணைத்தான்.

இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டிருக்கலாம்; ஊர் எண்ணைப் பேச்சுக்கு மட்டும், இ-சிம்மை டேட்டாவுக்கு மட்டும். அந்தப் போன் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் அவன் தொழிலில் முதல் பாடம், ஒரு பெட்டிக்குள் இரண்டு மின்சார லைன் உயிரோடு இருக்கக் கூடாது என்பது. ஒன்றை அணைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் அடுத்ததைத் தொட வேண்டும். அப்படிச் செய்யாத ஒருவருடைய கையை அவன் பார்த்திருக்கிறான். கை பழகிப்போனதைப் போனிலும் செய்தது.

5.

அக்காவுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை, வீட்டிலிருந்தபடியே. மணி அடித்தால் குரல் தானாக மாறிவிடும். தேன் தடவியது போல.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க."

"யாரு நீ?"

அந்தக் குரல் போனிலும் கேட்டது, கூடத்திலும் கேட்டது. அக்கா சட்டென்று துண்டித்தாள். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உன் தம்பி போன யாரோ ஒருத்தி எடுக்கறா."

"ராங் நம்பரா இருக்கும்மா."

"எனக்கா? உம் பேரு வேணா மறக்கும், அந்த நம்பர் மறக்காது."

"எம் பேருதான் போன வாரமே மறந்துட்டியே."

"நல்ல வீட்டுப் பொண்ணு மாதிரிதான் பேசறா. வணக்கம்லாம் சொல்றா." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நமக்குச் சொல்லாமக் கட்டிக்கிட்டானா?"

[இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு நிறுத்தியிருந்தால் இது வேறு கதை ஆகியிருக்கும்.]

அம்மா மறுபடியும் எண்ணை அழுத்தினாள். அக்காவின் கையிலேயே போன் அதிர்ந்தது. அதை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டாள், எடுக்கவில்லை. அம்மாவின் முகம் மெல்ல மாறியது.

"இப்ப எடுக்கல," என்றாள். "உள்ள மாட்டிக்கிட்டான்."

செருப்பைத் தேடிப் போனாள்.

6.

"டேய், காலைத் திருப்பி விட்டிருக்கியே, அதை முதல்ல மாத்துடா," என்றாள் அக்கா, வாட்ஸ்அப்பில். வாசல் கதவைப் பூட்டி, செருப்பைப் பீரோமேல் ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தாள். "வகுப்புல இருக்கியா? இருந்தா வெளிய வா. அம்மா கதவைப் போட்டு உலுக்கிட்டு இருக்கு. கையெல்லாம் செவந்துபோச்சு."

அவன் நடைவழியில் நின்று ஊர் எண்ணை உயிர்ப்பித்தான். 'சேவை இல்லை' என்றது. சேவை வேண்டுமானால் ரோமிங் போட வேண்டும். ரோமிங் போட சிம் கம்பெனியின் செயலிக்குள் நுழைய வேண்டும். நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் வரும். ஊர் எண்ணுக்குச் சேவை இல்லை.

சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. எத்தனை பேரை அவன் லிஃப்ட் பெட்டிக்குள்ளிருந்து மீட்டிருக்கிறான். இந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை.

[வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டான். கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.]

"அக்கா, உங்கிட்ட ஆபீஸ் போனும் இருக்கில்ல? அம்மா கூப்பிடும்போது உன் போன எடுத்து ஸ்பீக்கர்ல போடு. நான் ஆபீஸ் போன்ல வர்றேன். ரெண்டையும் வாயோட வாய் வச்சுப் பிடி."

"நல்லாருக்குடா உன் வயரிங்."

"வேற வழி இல்லக்கா."

அக்கா படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கூடத்தில் அம்மா கதவை விட்டுவிட்டு மறுபடி எண்ணை அழுத்தும் சத்தம். மணி. அக்கா இரண்டு போன்களையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தாள்.

"ம்மா," என்றான்.



"எங்கடா போயிட்ட?"

"வேலைலதாம்மா இருக்கேன்."

"அந்தப் பொண்ணு யாரு?"

"அவ சும்மாம்மா. ஆபீஸ்ல எடுக்கறவ."

"நல்லாத்தான் பேசறா. மாட்டிக்கல்லியே நீ?"

"இல்லம்மா."

அக்காவுக்கு அழுகை வந்தது; மூக்கை உறிஞ்சாமல் இருக்கப் பாடுபட்டாள். ஆயிற்று, இனி அம்மா 'ஒண்ணுமில்லடா' என்று சொல்லி வைத்துவிடுவாள். கதையை இங்கேயே நிறுத்திவிடலாம் என்று நான் பேனாவை மூடினேன்.

அம்மா வைக்கவில்லை.

"உன் குரல் ரெண்டா கேக்குதுடா," என்றாள். "போன்லயும் கேக்குது, பக்கத்துலயும் கேக்குது."

செருப்பில்லாத கால்களின் சத்தம். வாசலை நோக்கியல்ல, உள்நோக்கி வந்தது. படுக்கையறைக் கதவில் உள்ளங்கை விழுந்தது.

"உள்ளதான் இருக்கியா?"

7.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. அக்கா கதவைத் திறக்கிறாள். அம்மா கட்டிலுக்கு அடியில் தேடுகிறாள், பீரோவைத் திறந்து தேடுகிறாள், பிறகு தெருவைப் பார்க்கிறாள். எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆ. அவன் உண்மையைச் சொல்கிறான்: தூர நாடு, விமானம், இ-சிம். "சரிடா," என்கிறாள் அம்மா, எல்லாம் விளங்கிய குரலில். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவைத் தட்டுகிறாள்.

இ. அவன் "ஆமாம்மா" என்கிறான். அம்மா அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். தெருவுக்குப் போகமாட்டாள், லாரிகள் அவளைத் தொடா. அவன் திரும்பி வரும்வரை ஒரு வெற்று அறையின் வாசலில் இருப்பாள். மெக்கானிக்குகள் வெளியே நின்று உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்களே, அதேபோல இடைவிடாமல் பேசிக்கொண்டு. இதுதான் பத்திரமான முடிவு. இதை எழுதி முடிக்கத்தான் எனக்குக் கை வரவில்லை. எழுதினால், மகன் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டான் என்ற அவளுடைய பயம் –

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.

அம்மா வெளியே நிற்கிறாள். "சொல்லுடா. இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

இரண்டு போன்களும் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தியிருக்கின்றன. எங்கோ ஒரு நடைவழியில் அவன் வாயைத் திறந்துவிட்டான். அவன் சொல்வது இந்த அறைக்கு வந்து சேர ஒரு நொடி பிடிக்கும். அந்த நொடி இனி உங்களுடையது.