ஒட்டுக்கேட்கும் பாறை

அந்த ஊருக்குச் சூரியன் விருந்தாளியாகத்தான் வரும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலைச்சுவர், நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரே ஒரு தெரு. குளிர்காலத்தில் பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் வெயில் கிளம்பிவிடும். இந்த விருந்தாளி விஷயத்தை வழிகாட்டி இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றுலாக்காரர்களிடம் சொல்லி வருகிறார். ஒருவர்கூடச் சிரித்ததில்லை. அதே வரியை அவருடைய சகலை சொன்னால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். சமவெளியில் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு பெட்டி படுக்கையோடு வந்து நின்றான். "தங்கச்சி கண்ணைக் கசக்கிட்டு நிக்கிறா. உங்க தொழிலைக் கத்துக் குடுங்களேன்" என்றாள் மனைவி. வழிகாட்டியும் பெரிய மனது பண்ணினார். வெள்ளிச் சுரங்கம் வெட்டிய ஆண்டு, தாது ஏற்றிப்போக ரயில் பாதை போட்ட ஆண்டு, வெள்ளம் கீழ்த்தெருவை வாரிக்கொண்டு போன ஆண்டு, வெந்நீர் ஊற்றின் சூடு, மலையேறும் படிகள் இருநூற்றுப் பதினான்கு என்று எல்லாவற்றையும் ஒப்பிக்க வைத்தார்.

சகலை ஒரே வாரத்தில் ஆண்டுகளை மறந்தான். அதற்குப் பதிலாகக் கதைகளை முளைக்க வைத்தான். இரண்டாகப் பிரிந்து விழும் இரட்டைச்சடை அருவி இருக்கிறதே, அங்கேதான் ரயில் பாதை போட்ட எஞ்சினியரின் மனைவி புருஷனைக் காணாமல் குதித்தாளாம். கேட்ட பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். வழிகாட்டியின் மனைவியும் ஒருநாள் உறிஞ்சினாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. மலை உச்சியில் நகரசபை புதிதாகக் காட்சிமேடை கட்டியிருந்தது. அதற்கு ஒரே ஒரு வழிகாட்டிதான் வேண்டுமாம். ஊர்ச் சின்னம் பொறித்த சட்டையும் உண்டு. இரண்டு பேரும் ஆளுக்கொரு கூட்டத்தை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும், நகரசபைத் தலைவி கூடவே வந்து கேட்டு முடிவு சொல்வார் என்று ஏற்பாடு.

காலையில் வழிகாட்டியின் முறை. ஓர் ஆண்டு பிசகாமல் சொன்னார். தலைவி மூன்று முறை கொட்டாவி விட்டார். வழிகாட்டி அதையும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

பகல் ஒரு மணிக்குச் சகலையின் முறை. மனைவியும் அவள் தங்கையும் சீவி முடித்துக்கொண்டு மேடைக்குக் கிளம்பினார்கள். காலையில் வழிகாட்டியின் முறைக்கு மனைவி வரவில்லை, துணி துவைக்க வேண்டும் என்றாள். வழிகாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் படியிறங்கினார்.

ஆற்றங்கரையில், காட்சிமேடைக்கு நேர் கீழே, மலைச்சுவர் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அதற்குத்தான் ஒட்டுக்கேட்கும் பாறை என்று பெயர். மேலே ஒருவர் மெதுவாகப் பேசினாலும் கீழே காதோடு சொன்னதாகக் கேட்கும். கீழே பேசினால் மேலேயும் அப்படியே. கூட்டத்துக்கு அதைக் காட்டுவதற்காகக் கீழே எப்போதும் ஒருவன் நிற்பான். மேலிருந்து கேள்வி வந்ததும் 'வணக்கம்' சொல்ல வேண்டும். ஊரார் 'ப்ளாஷ்' என்று கூப்பிடும் புகைப்படக்காரன்தான் அந்த ஆள்.

வழிகாட்டி பாறையில் காதை வைத்தார். மேலிருந்து சகலையின் குரல் இறங்கியது.

"அந்த அம்மா தலையில வச்சிருந்த பூ மட்டும் ஆத்துல மிதந்து வந்துச்சாம்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. வழிகாட்டிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது.

"கேட்டியாடா புளுகை? அந்த எஞ்சினியர் கல்யாணமே பண்ணிக்கலை! அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு பொண்டாட்டி?"

ப்ளாஷ் பதறிப்போய் வாயில் விரலை வைத்தான். பிறகு மேலே காட்டினான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீ எதுக்குடா அவனுக்குப் பரிஞ்சு கும்பிடுறே? நான் சோறு போட்டு வளர்த்த பய. என் தொழிலையே பிடுங்கிக்கிட்டான். அந்தச் சட்டை எனக்கு வரணும். வராதுன்னு தெரியும். அதுகூடப் பரவாயில்லைடா. எம் பொண்டாட்டி அவன் பேச்சுக்கு அப்படிச் சிரிக்கிறா. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எம் பேச்சுக்கு ஒரு தடவை சிரிச்சிருப்பாளா? பொறாமைதான். ஆமா, பொறாமைதான், போ!"

மேலே சகலையின் கதை பாதியில் நின்றுபோயிருந்தது. பல்லாயிரம் பேருக்கு விளக்கிச் சொன்ன விஷயம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ப்ளாஷ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

சகலைதான் முதலில் வாய் திறந்தான். "கேட்டீங்கல்ல? இதுதான் ஒட்டுக்கேட்கும் பாறை. கீழே நிக்கிறது எங்க அண்ணன். எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவரு. கொஞ்சம் கோபக்காரரு, ஆனா பொய் சொல்லத் தெரியாது."

மேலே சிரிப்பும் கைதட்டலும் பொங்கின. வழிகாட்டிக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போலிருந்தது. தன் பொறாமையைக்கூட அவன் தன் கடையில் வைத்து விற்றுவிட்டானே!

அப்போது இன்னொரு குரல் இறங்கியது. மனைவியின் குரல்.

"ஏங்க... அந்த எஞ்சினியர் ஏன் கல்யாணம் பண்ணிக்கலை?"

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் ஊர்க்கதை கேட்டதே இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"அவனுக்கு... அவனுக்குப் பொண்ணு பார்த்து வச்சிருந்தாங்க. கீழ்த்தெருப் பொண்ணு. ரயில் பாலம் முடியட்டும்னான். பாலம் முடிஞ்ச வாரம் வெள்ளம் வந்துருச்சு. தெருவே போச்சு, அவளும் போயிட்டா. அப்புறம் அவன் ஊரைவிட்டே போகலை. மேட்டுல புதுத் தெரு போட்டான். அந்தத் தெருவுலதான் நம்ம வீடு இருக்கு. இந்தப் படியெல்லாம் அவன் வெட்டுனதுதான். இன்னொரு வெள்ளம் வந்தா சனங்க ஏறித் தப்பிக்கணுமில்ல, அதுக்காக. இருநூத்திப் பதினாலு படி."

ஆண்டைச் சொல்ல மறந்தது அவருக்கே பிறகுதான் உறைத்தது. மேலே யாரோ மூக்கை உறிஞ்சியது துல்லியமாகக் கேட்டது. அந்த உறிஞ்சலை அவருக்குத் தெரியும்.

அடுத்துத் தலைவியின் குரல் வந்தது. "முடிவு பண்ணியாச்சு. மேலே அவர், கீழே நீங்க. ரெண்டு பேருக்கும் சட்டை உண்டு. தினமும் இப்படியே திட்டணும், இப்படியே சொல்லணும்."

மறுபடி கைதட்டல். வழிகாட்டியின் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குள் மேலே சகலை ஏதோ சொன்னான். கைதட்டலில் வார்த்தை பிடிபடவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் காதில் விழுந்தது. அது அவர் மனைவியின் சிரிப்பு.

வழிகாட்டி பாறையைவிட்டுப் பத்தடி தள்ளி வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, ப்ளாஷின் காதோடு கேட்டார்.

"டேய், அவ இப்ப எதுக்குடா சிரிச்சா?"